வேடச் சப்பாத்து: தோற்றமா, உழைப்பா?

விளையாட்டு ஒன்றுக்காக வாங்கும் ஒரு சோடிச் சப்பாத்துக்கு இருநூறு யூரோ கொடுக்கலாமா? ஜேர்மனியில் வாழும் என் உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. உதைபந்தாட்டத்துக்கோ ஓட்டப் பயிற்சிக்கோ உரிய சப்பாத்து என்றால் அவர் இவ்வளவு யோசித்திருக்கமாட்டார். அவருடைய மகன் கேட்டது வேடத்துக்கான சப்பாத்து. கோடை விடுமுறையில் நாலைந்து நாட்கள் வயல்வெளியொன்றில் கூடாரம் அடித்து, கற்பனை நாடொன்றின் படைவீரனாக வாழப்போகின்றானாம். அதற்கு முழங்கால்வரை உயர்ந்த தோல் பூட்ஸ் வேண்டுமாம். "நாலு நாள் கூத்துக்கு இவ்வளவு காசா?" என்று தகப்பன் கேட்டதில் வியப்பில்லை.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். காசு கொடுக்கலாம், ஆனால் எதற்குக் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுக்க வேண்டும். வேடத்தின் மற்றெல்லாப் பகுதிகளிலும் சிக்கனம் பிடிக்கலாம். பாதத்தில் பிடிப்பது ஆபத்து. வேடத்துக்கென்றே விற்கப்படும் அழகான பூட்ஸ் பெரும்பாலும் பாதத்துக்கு உகந்த பூட்ஸ் அல்ல. ஆகவே, இவ்விளையாட்டுகளை நடத்துவோரும் வேடத்துக்கான தோற்ற விதிகளிலிருந்து பாதத்துக்கு விலக்களிக்க வேண்டும் என்பது என் கருத்து.

விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை 'லார்ப்' என்பர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதற்குரிய வேடம் அணிந்து, எழுதப்பட்ட வசனம் எதுவுமின்றி, அந்தப் பாத்திரமாகவே பேசி, நடந்து, உண்டு, சண்டையிட்டு வாழ்வதே விளையாட்டு. பார்வையாளர் என்று தனியாக எவரும் இல்லை. 1974இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டில் அமர்ந்தபடி வாயால் சொன்னதை, எழுந்து நின்று உடலால் செய்துபார்க்கும் ஆசையிலிருந்து இதன் ஒரு கிளை பிறந்தது. 1977இல் அமெரிக்கத் தலைநகரை அண்டிய பகுதியில் 'டாகொர்ஹிர்' என்ற போர் விளையாட்டுத் தொடங்கிற்று. 1982இல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்துப் பெக்போர்ட்டன் கோட்டையில் 'டிரெஷர் டிராப்' தொடங்கிற்று. அந்தக் கோட்டையும் 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலக் கோட்டையின் சாயலில் கட்டப்பட்ட மாளிகைதான். வேடமணிந்த கட்டடத்தில் வேடமணிந்த மனிதர் விளையாடியிருக்கின்றனர்.

இன்று இவ்விளையாட்டு ஐரோப்பாவில் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. ஜேர்மனியில் 2001இல் 'டிராகன்பெஸ்ட்' விழாவும் 2004இல் 'கொன்குவெஸ்ட் ஒப் மித்தொடியா' விழாவும் தொடங்கின. ஒவ்வொன்றிலும் பல ஆயிரம் பேர் கூடுகின்றனர். பிரித்தானியாவில் 2013 முதல் 'எம்பயர்' என்ற விளையாட்டு நடைபெற்று வருகின்றது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகளில் இது ஒரு கலைவடிவமாகவே பேசப்படுகின்றது. 1997இல் ஒஸ்லோவில் தொடங்கிய 'க்னுட்டபுங்க்ட்' மாநாடு அந்த நாடுகளில் மாறி மாறி நடந்துவருகின்றது. எனவே இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது சரியன்று. நம்மவரின் பிள்ளைகள் வளரும் நாடுகளின் பண்பாட்டில் இதற்கும் ஓர் இடமுண்டு.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். இவ்விளையாட்டில் பெரும்பாலான பொருட்கள் பொய்யானவை. பாதுகாப்புக்காகப் பொய்யாக இருக்க வேண்டியவை. வாள் நுரைப்பஞ்சும் லேற்றெக்ஸும் சேர்ந்தது. தங்கம் தகரம். காயம் சாயம். மந்திரம் வெறும் வாய்ச்சொல். இவற்றுள் எது பழுதானாலும் விளையாட்டு நின்றுபோவதில்லை. ஆனால் நிலம் உண்மையானது. மழை உண்மையானது. நாலு நாட்கள் காலை முதல் நள்ளிரவு வரை ஈரப் புல்லிலும் உழுத சேற்றிலும் மரவேர்களுக்கிடையிலும் நடப்பதும், திடீரென ஓடுவதும், கேடயத்தைத் தாங்கிப் பின்வாங்குவதும் உண்மையான உழைப்பு. வேடத்தின் பகுதிகளுள் உண்மை நிலத்தோடு இடைவிடாமல் மோதுவது காலணி ஒன்றே. அது இரண்டாம் நாள் மாலையில் பிளந்தால், படைவீரன் பாத்திரம் அன்றோடு முடிந்தது.

ஈரப்பாதம் சிறிய விடயமன்று. 1982இல் போக்லாந்துத் தீவுகளில் நடந்த போரில் பிரித்தானியப் படையினர் பலர் 'பதுங்குகுழிப் பாதம்' என்ற நோயால் அவதியுற்றனர். குளிரும் ஈரமும் நாட்கணக்கில் சேர்ந்து பாதத்தின் நரம்பையும் தசையையும் கெடுக்கும் நோய் அது. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பெயர் பெற்ற அந்நோய், அறுபதாண்டுகளுக்கு மேல் கடந்தபின் மீண்டும் தலைகாட்டியதற்கு அப்படையினர் அணிந்திருந்த குட்டையான, நீர் புகும் பூட்ஸும் காரணம் என்று பரவலாகக் குறை கூறப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் அந்தப் பூட்ஸ் மாற்றப்பட்டது. விளையாட்டு முகாமில் எவரும் அந்த நிலைக்குச் செல்லப்போவதில்லை. எனினும் கொப்புளம், குதிப்புண், சுளுக்கிய கணைக்கால் ஆகியவை அங்கு வெகு இயல்பானவை. கணைக்கால் சுளுக்கினால் விளையாட்டு மட்டுமன்றி, அடுத்த சில வாரத்து வேலையும் படிப்பும் கெடும்.

வேடச் சப்பாத்துக் கடைகள் விற்பவை எவை? முழங்காலைத் தொடும் உயரம், வரிசையாகப் பித்தளைக் கொளுவிகள், மேல்விளிம்பில் அகன்று மடிந்த வாய். இந்த வடிவத்தை வாங்குவோர் அதனை 'இடைக்காலத்துப் பூட்ஸ்' என்றே நம்புகின்றனர். வரலாறு வேறு கதை சொல்கின்றது. அகன்ற வாய்கொண்ட உயர் பூட்ஸ் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைவீரர் அணிந்தது. சேணத்தில் அமர்ந்திருப்பவனின் முழங்காலையும் தொடையையும் காப்பதே அதன் வேலை. அதை அணிந்து நெடுந்தூரம் நடப்பது அதன் நோக்கமன்று. நடப்பவனின் காலில் அதன் வாய் மழைநீரைச் சேர்க்கும் வாளியாகிவிடும். குதிரையே இல்லாத விளையாட்டுக்குக் குதிரைவீரனின் பூட்ஸை வாங்கிக் காலை நோகடித்துக்கொள்வதை என்னவென்பது?

உண்மையான இடைக்காலச் சப்பாத்து மிக எளிமையானது. இலண்டன் தேம்ஸ் நதிக்கரைச் சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டவை பல இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, பின்னர் சட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டியெடுத்த மெல்லிய தோல் சப்பாத்துகள் அவை. அடியும் ஒற்றைத் தோல்தான். அந்த மெல்லிய சப்பாத்தோடு அக்கால மக்கள் சேற்றில் எவ்வாறு நடந்தனர்? சப்பாத்துக்குக் கீழே மரத்தாலான மிதியடியைக் கட்டிக்கொண்டனர். அவர்களும் தோற்றத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று பிரித்தே வைத்திருந்தனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதனின் காலணியில் அடிக்குக் கரடித்தோல், மேலுக்கு மான்தோல், உள்ளே வெப்பத்துக்கு உலர்புல் என்று ஒவ்வொரு பொருளும் ஒரு தேவைக்காக இடப்பட்டிருந்தது. அதில் அலங்காரத்துக்கென்று எதுவும் இல்லை. முன்னோரைப் பின்பற்ற விரும்புவோர் பின்பற்ற வேண்டியது இந்தச் சிந்தனையையே.

இனி, கடையில் ஒரு பூட்ஸைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் அடியும் மேற்றோலும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பார்க்க வேண்டும். மலிவான சப்பாத்துகளில் அடியைப் பசையால் ஒட்டிவிடுகின்றனர். உலர்ந்த நகரத் தெருவுக்கு அது போதும். ஈரமும் சேறும் இழுத்து மடக்கும்போது, விரல்கள் மடியும் இடத்தில்தான் அந்த ஒட்டு முதலில் விடும். தைத்த அடி வேறு விதமானது. மேற்றோலையும் உள்ளடியையும் ஒரு தோற்பட்டையோடு தைத்து, அப்பட்டையோடு வெளியடியை இரண்டாம் முறை தைப்பதை 'குட்இயர் வெல்ட்' என்பர். இறப்பரை வன்மையாக்கும் முறையைக் கண்ட சார்ல்ஸ் குட்இயரின் அதே பெயர்கொண்ட மகன், 1870களில் அத்தையலுக்கான இயந்திர முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்ததால் அந்தப் பெயர். இதன் பயன் உறுதி மட்டுமன்று. அடி தேய்ந்தால் தையலைப் பிரித்துப் புதிய அடி போடலாம். மேற்றோல் நன்றாக இருக்கும்வரை அந்தப் பூட்ஸுக்கு மறுபிறவி உண்டு.

ஆனால் ஏமாற்றும் உண்டு. ஒட்டிய அடியின் விளிம்பில் வெறும் அலங்காரத்துக்காகத் தையல் ஓட்டி விற்பதைப் பார்க்கின்றோம். தையல் அடியின் கீழ்ப்புறத்திலும் வெளிவருகின்றதா, அல்லது அடியில் அதற்கென வெட்டிய பள்ளத்தில் ஓடுகின்றதா என்று புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐயமிருந்தால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்கலாம்: "இதற்குப் பிறகு புதிய அடி போடலாமா?" நேரான விடை வராவிட்டால் அதுவே விடை.

அடுத்தது தோல். 'உண்மைத் தோல்' என்று அச்சிட்டிருப்பதை நம்மவர் பெரிய உத்தரவாதமாகக் கொள்வர். அது தோல் என்பதைச் சொல்லுமேயன்றி, எத்தகைய தோல் என்பதைச் சொல்லாது. விலங்கின் தோலை இரண்டாகப் பிளக்கும்போது, மயிர்ப்புறமாக உள்ள மேற்பகுதியே இழையடர்த்தி மிக்கது, உறுதியும் அதற்கே. அடிப்பகுதி தளர்ந்தது. அந்தத் தளர்ந்த பகுதியின் மீது பிளாஸ்ரிக் பூச்சிட்டு, மேற்றோல் போன்ற அச்சைப் பதித்து விற்பதுண்டு. கடையில் இரண்டும் ஒன்றுபோல மின்னும். மடிப்புகளில் பூச்சு வெடித்த பின்னரே வேறுபாடு தெரியும்.

இதற்கு ஐரோப்பிய நாடுகளில் வாழ்வோருக்கு ஓர் எளிய துணை உண்டு. அங்கு 1994ஆம் ஆண்டின் சட்ட ஆணையொன்றின்படி, விற்பனைக்கு வரும் சப்பாத்துகளில் மேற்பகுதி, உட்புறம், வெளியடி ஆகிய மூன்றும் எப்பொருளால் ஆனவை என்பதைச் சொல்லாலோ படக்குறியாலோ காட்ட வேண்டும். விரித்த விலங்குத்தோலின் வடிவம் தோலைக் குறிக்கும். அதே வடிவத்துள் சாய்சதுரம் இருந்தால் அது பூச்சிட்ட தோல். வலைப்பின்னல் துணியைக் குறிக்கும். வெறும் சாய்சதுரம் பிளாஸ்ரிக், இறப்பர் முதலிய ஏனைய பொருட்களைக் குறிக்கும். பூச்சு 0.15 மில்லிமீற்றரைத் தாண்டினால் அதனை வெறும் தோல் என்று விற்க முடியாது. சப்பாத்தின் உள்ளேயோ பெட்டியிலோ ஒட்டப்பட்ட இச்சிறு படத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். வெளியடிக்குச் சாய்சதுரம் இருப்பது குறையன்று. ஈரப்புல்லில் வழவழப்பான தோலடி வழுக்கும். ஆழமான பள்ளங்கள் வெட்டிய இறப்பர் அடியே பிடிக்கும். மேற்பகுதிக்கு என்ன குறி என்பதையே கவனிக்க வேண்டும்.

தோலைப் பதனிட்ட முறையையும் அறிந்திருப்பது நன்று. மரப்பட்டையால் பதனிட்ட தோல் பழைய காலத்துத் தோற்றம் தரும், அழுத்தமானது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிரித்தானியாவுக்குப் பெருமளவில் சென்றது. இன்று ஐரோப்பியக் கடைகளில் விற்கும் தோல் சப்பாத்துகளிற் பல ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தயாரானவை. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மென்மையானது. ஈரத்தையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். பட்டைத் தோல் நனைந்தபின் அதிக வெப்பம் பட்டால் சுருங்கி விறைத்துவிடும். முகாம் நெருப்பின் அருகே நனைந்த பூட்ஸைக் காயவைத்துக் கெடுப்பது இவ்விளையாட்டில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நெருப்பிலிருந்து தள்ளி வைத்து, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து, தாள் நனைய நனைய மாற்றுவதே சரியான முறை. பழைய பத்திரிகைக்கு இப்படியும் ஒரு பயனுண்டு என்பதில் எனக்குத் தொழில்முறை மகிழ்ச்சி.

வேடச் சப்பாத்துக்கே உரிய இன்னொரு இடர் உண்டு. பலர் அதனை அறியாமல் ஏமாறுகின்றனர். ஆண்டில் பத்து நாட்கள் அணியும் பூட்ஸ், மீதி நாட்களெல்லாம் பரணிலோ நிலவறையிலோ கிடக்கும். "அணியாத பொருள் தேயாது" என்று நினைக்கின்றோம். இன்றைய பூட்ஸ்கள் பலவற்றின் நடு அடி பொலியூரித்தேன் என்னும் இலேசான நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதனுள் புகுந்து, அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். இதனை நீர்ப்பகுப்பு என்பர். வெளியிலிருந்து பார்த்தால் பூட்ஸ் புத்தம் புதிதாகவே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து எடுத்து அணிந்து நடக்கும் முதல் நாளிலேயே அடி பிட்டுத் துண்டுபோல உதிரும். நெடுங்காலம் அணியாமல் ஈரமான இடத்தில் வைப்பதே இதற்குப் பெரிய காரணம். ஆகவே, எப்போதாவது அணியப்போகும் பூட்ஸுக்கு நுரை நடு அடி இல்லாத, தோலும் இறப்பரும் மட்டுமே கொண்ட அடியே ஏற்றது. மேலும், வேடப் பூட்ஸை வேடத்துக்கு மட்டும் வைத்திருப்பதைவிட, குளிர்காலத்தில் நடைக்கும் அணிவது பூட்ஸுக்கும் நல்லது, வாங்கிய காசுக்கும் நல்லது, பழகிய பாதத்துக்கும் நல்லது.

விலை பற்றி இனிப் பேசலாம். கனவுருப் புனைகதை உலகிலேயே பூட்ஸ் பற்றிய ஒரு பொருளாதாரப் பாடம் உண்டு. ஆங்கில எழுத்தாளர் டெரி பிரட்செட் 1993இல் வெளியிட்ட 'மென் அட் ஆர்ம்ஸ்' என்ற நாவலில் சாமுவேல் வைம்ஸ் என்ற காவற்படைத் தலைவன் ஒரு கணக்குப் போடுகின்றான். நல்ல பூட்ஸின் விலை ஐம்பது டொலர். அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஏழைக்குக் கட்டுப்படியாகும் பூட்ஸ் பத்து டொலர். ஓரிரு பருவங்களில் கிழிந்துவிடும். பத்தாண்டுகளில் ஏழை நூறு டொலர் செலவிட்டிருப்பான். ஆனாலும் அவன் பாதம் நனைந்தேயிருக்கும். ஏழையாக இருப்பதே அதிகச் செலவு என்பது இதன் சாரம். பிரட்செட் 2015இல் மறைந்தார். 2022இல் பிரித்தானியாவில் ஏழைகள் வாங்கும் உணவுப்பொருட்களின் விலையேற்றத்தை அளக்க ஜக் மன்றோ என்ற எழுத்தாளர் முன்னெடுத்த சுட்டெண்ணுக்கு வைம்ஸின் பூட்ஸே பெயராயிற்று.

இக்கணக்கை லார்ப் விளையாடுவோர் பலர் எடுத்துக்காட்டி, விலை கூடியதையே வாங்கு என்பர். நான் அதனை முழுமையாக ஏற்கவில்லை. வைம்ஸின் கணக்கில் ஐம்பது டொலரும் பூட்ஸின் உறுதிக்கே செல்கின்றது. வேடச் சப்பாத்துக் கடையில் கொடுக்கும் இருநூறு யூரோ அவ்வாறு செல்வதில்லை. எட்டுக் கொளுவி, முழங்கால் உயரத்துக்கான கூடுதல் தோல், அச்சிட்ட கோலம், சிறு எண்ணிக்கையில் தயாரிக்கும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு பெரும்பங்கு போய்விடும். எஞ்சியதிலேயே அடி. விலை கூடியும் ஒட்டிய அடியோடு வரும் வேடப் பூட்ஸ்கள் இருப்பது இதனால்தான். கைவினைஞர் அளவெடுத்துத் தைத்துத் தரும் நல்ல வேடப் பூட்ஸ்களும் உள்ளன. அவற்றின் விலை மாணவர் கைக்கு எட்டாதது.

ஆகவே மூன்றாம் வழியொன்றை நான் பரிந்துரைப்பேன். உழைப்பதற்கென்றே செய்த பூட்ஸை வாங்குங்கள். படையினர் பயன்படுத்திக் கழித்த பொருட்களை விற்கும் கடைகள் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் உள்ளன. அங்கு கிடைக்கும் தோல் பூட்ஸ், தொழிலாளர் அணியும் பூட்ஸ், மலையேறுவோரின் பழைய பாணித் தோல் பூட்ஸ் ஆகியவை வேடக்கடை விலையிலும் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கும். நிறம் கறுப்போ கபிலமோ, ஒளிரும் அடையாளங்கள் இல்லாததாகத் தெரிவுசெய்தால் போதும். முன்புறக் கயிறும் நவீன வடிவமும் தெரியாதிருக்க, கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தோலால் அல்லது தடித்த துணியால் ஓர் உறை தைத்து மேலே கட்டலாம். அல்லது நீண்ட கம்பளிப் பட்டியைக் காலில் சுற்றலாம். ஐரோப்பாவின் முற்கால மக்கள் இவ்வாறு சுற்றினர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆதலால் வரலாற்று அழகும் கெடாது. ஒரு பழைய கம்பளிப் போர்வையும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விரல்பகுதியில் உருக்குத் தகடு பொருத்திய பூட்ஸையும் ஆணியடித்த அடியையும் விளையாட்டு அமைப்பாளர் பலர் அனுமதிப்பதில்லை. நெருக்கியடித்துச் சண்டையிடும் இடத்தில் மற்றவரின் காலை அவை நசுக்கும் என்பதால், வாங்குமுன் விதிகளைப் படிக்க வேண்டும்.

அளவு பற்றியும் ஒரு சொல். எத்துணை உறுதியான பூட்ஸும் அளவு தவறினால் பகையே. நாள் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கும். ஆகவே மாலையில் அணிந்து பார்ப்பது நன்று. முகாமில் அணியப்போகும் அதே தடித்த கம்பளிக் காலுறையோடு பார்க்க வேண்டும். விரல்களின் முன்னே ஒரு பெருவிரல் அகலம் இடைவெளி வேண்டும். நடக்கையில் குதி மேலெழக் கூடாது. உயரமான பூட்ஸில் கெண்டைக்கால் இறுகினால் குனிந்து எழுவதே சிரமமாகும். வாங்கிய பூட்ஸை விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டைச் சுற்றியும் கடைத்தெருவுக்கும் அணிந்து பழக்க வேண்டும். புதுப் பூட்ஸை முதன்முதலாக முகாமில் அணிபவன் இரண்டாம் நாளே நொண்டுவான். காலுறைகளை நாளுக்கொன்றாகவும் மேலதிகமாக இரண்டும் எடுத்துச் செல்வது, வாளொன்று கூடுதலாகக் கொண்டு செல்வதைவிடப் பயனுள்ளது.

இதற்கு எதிர்க்கருத்து உண்டு. வட ஐரோப்பிய லார்ப் மரபில் '360 பாகை மாயை' என்றோர் இலட்சியம் பேசப்படுகின்றது. எத்திசை திரும்பினும் கண்ணில் படுவதெல்லாம் கற்பனை உலகத்துக்குரியதாக இருக்க வேண்டும் என்பது அது. அரசவையில் மண்டியிடும் வீரனின் காலில் இறப்பர் அடி தெரிந்தால் மாயை கலையாதா என்று கேட்பர். நியாயமான கேள்விதான். ஒருவர் உழைத்து உருவாக்கிய உலகத்தை மற்றவரின் அலட்சியம் குலைப்பதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் மாயையைக் கலைப்பது அடியில் தெரியும் இறப்பரை விட, கொப்புளம் தாங்காமல் முகாமின் ஓரத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு அமர்ந்திருக்கும் வீரனின் முகம் என்பேன். வலியில் இருப்பவரால் வேறெவராகவும் இருக்க முடியாது. நோகும் பாதம் அவரை ஓயாமல் அவருடைய சொந்த உடலுக்கே இழுத்துவரும்.

நமது கூத்து மரபு இதை நன்றாக அறிந்திருந்தது. மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தில் அரச வேடக்காரர் அணியும் கரப்புடுப்பும் முடியும் பாரமானவை. அவை அரசனின் ஆடையைப் போன்றவை, அரசனின் ஆடையல்ல. காணும் எவருக்கும் அது தெரியும். ஆனால் வட்டக்களரியில் விடியும்வரை தாளக்கட்டுக்கு ஆடும் காலில் மாயை எதுவும் இல்லை. வெறும் பாதமும் சதங்கையுமே. அரசன் சப்பாத்து அணியவில்லையே என்று எந்தப் பார்வையாளரும் குறை சொன்னதில்லை. ஆட்டம் காலில் இருக்கின்றது; அந்தக் காலுக்கு எது வசதியோ அதுவே வேடத்துக்கும் பொருத்தம் என்று நம் அண்ணாவிமார் வகுத்தனர். ஐரோப்பியச் சேற்றில் வெறும் பாதத்தோடு விளையாடச் சொல்வது என் நோக்கமன்று. வேடத்தைத் தாங்கும் காலை வேடத்துக்குப் பலியிடாத அறிவு அங்கும் வேண்டும் என்பதே.

இதில் இன்னொரு நியாயமும் அடங்கியிருக்கின்றது. தலைமுதல் கால்வரை ஒப்பனை பொருந்தவேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கலாம், எழுதப்படாமல் பார்வையாலும் நகைப்பாலும் நடைமுறையில் இருக்கலாம். எவ்வாறாயினும் அதன் சுமை வசதி குறைந்தவர் மீதே விழுகின்றது. வசதியுள்ளவர் அளவெடுத்துத் தைத்த பூட்ஸில் வருவார். வசதியற்றவர் விதிக்காக மலிவான வேடப் பூட்ஸை வாங்குவார். நனைந்த பாதத்தோடு நாலு நாளைக் கழிப்பார். அடுத்த ஆண்டு வரமாட்டார். வைம்ஸின் கணக்கு விளையாட்டுத் திடலிலும் பலித்துவிடுகின்றது. வீட்டில் ஒருவர் உழைப்பில் நால்வர் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே முதலில் விலகுவர். புலம்பெயர்ந்த நம் குடும்பங்களிற் பலவும் அத்தகையவையே. அமைப்பாளர்கள் தம் வேட விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: மங்கலான நிறத்தில், உறையால் மூடிய, நல்ல பிடிமானமுள்ள எந்தக் காலணியும் ஏற்கப்படும் என்று. அதனால் எந்தக் கற்பனை அரசும் கவிழ்ந்துவிடாது.

என் உறவினருக்கு நான் சொன்னதும் இதுவே. இருநூறு யூரோவை மறுக்க வேண்டாம். அதைக் கொளுவிகளுக்குக் கொடுக்க வேண்டாம். தைத்த அடியும் நல்ல மேற்றோலும் கொண்ட, மழைக்காலத்தில் வேலைக்கும் பாடசாலைக்கும் அணிந்து செல்லக்கூடிய ஒரு பூட்ஸை அதில் பாதிக்கு வாங்கலாம். மீதியில் காலுறையும் தோலுக்கான மெழுகும் வாங்கி, அடி தேயும்போது புதிய அடி போடுவதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம். படைவீரனின் வாள் எந்த நுரையில் ஆனது என்பதில் தகப்பன் தலையிட வேண்டியதில்லை. மகன் எதை அணிந்து நிலத்தில் நிற்கின்றான் என்பதில் தலையிடலாம், தலையிடவும் வேண்டும்.